ஆறு மணிக்குள் கிளம்பிவிட வேண்டும்

அந்தக் கடலோரச் சாலையை அடித்துப் பிடித்து ஓட்டினால் ஐந்து மணி நேரத்தில் முடித்துவிடலாம். மீன் லாரிக்காரர்கள் பின்னால் தண்ணீர் சொட்டச் சொட்ட நான்கு மணி நேரத்தில் முடிப்பார்கள். மெஷினக்கா அதற்கு நான்கு நாள் ஒதுக்கியிருந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "சும்மா ஒரு சுத்து. எல்லாரையும் பாத்து ரொம்ப நாளாச்சு" என்றாள். அது பொய் என்று யாருக்கும் தோன்றவில்லை. முப்பத்திரண்டு வருடம் வீடு வீடாகப் போய்ப் பேசியே பிழைத்தவளுக்கு அந்த அளவுப் பொய்யெல்லாம் ஒரு பொருட்டா?

அவள் பார்த்த வேலை வாஷிங் மெஷின் டெமோ. வாங்கலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருக்கும் வீடுகளுக்குக் கடை வேன் ஒரு மெஷினைக் கொண்டுபோய் இறக்கும். பின்னாலேயே இவள் போய் ஓட்டிக் காட்டுவாள். தொழிலுக்கென்று சில நெறிகள் வைத்திருந்தாள். அந்த வீட்டு அழுக்குத் துணியைத் தொடக் கூடாது. கறை எப்படிப் போகும் என்று நமக்கே தெரிந்த துண்டை நாமே எடுத்துப் போக வேண்டும். மெஷினின் பின்பக்க மூடியை யார் கேட்டாலும் திறக்கக் கூடாது. முக்கியமாக, துணி பிழியும் கட்டம் வருவதற்குள் நிறுத்திவிட வேண்டும். அந்தக் காலத்து மெஷின்கள் பிழியும்போது பேய் பிடித்தது போல ஆடும். சிலது நடந்தே போய்ச் சுவரில் முட்டும். அதைக் கண்ணால் பார்த்த ஒருவரும் வாங்கியதில்லை. இவளோ சரியாக அதற்கு ஒரு நிமிடம் முன்பு நிறுத்தி, துண்டை எடுத்துக் கையால் உதறி, "பாருங்க, கறை இருந்த இடம் தெரியுதா?" என்பாள். கடையில் அவள் விற்ற அளவு வேறு யாரும் விற்றதில்லை.

இப்போது காரின் முன்சீட்டில் மடியில் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவன் அவளுடைய தம்பி. நாற்பத்தேழு வயது. குடும்பத்தில் எல்லோருக்கும் அவன் ஜட்ஜ். சின்ன வயதிலேயே வீட்டில் யார் சண்டை போட்டாலும் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். வாயைத் திறக்க மாட்டான். கடைசியில் சண்டை போட்டவர்களே சிரித்து, "ஜட்ஜய்யா என்ன சொல்றீங்க?" என்பார்கள். அவன் எதுவும் சொல்லப்போவதில்லை என்பது அவனுக்கு ஏழெட்டு வயதானபோது வீட்டுக்குப் புரிந்தது. உடம்பு மட்டும் வளர்ந்தது. மீசை வந்தது, நரைத்தது. மற்றதெல்லாம் அந்த நாற்காலியிலேயே தங்கிவிட்டது.

மெஷினக்காவுக்கு இரண்டு வரன் வந்தன. இரண்டு பேருமே, "தம்பி எங்க இருப்பான்?" என்று கேட்டார்கள். "என்கூட" என்றாள். இரண்டு பேருமே நல்ல மரியாதையாகப் போய்விட்டார்கள். அதன் பிறகு யாரும் வரவில்லை. அவளும் அதை ஒரு பெரிய தியாகமாக எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் உதவியாக இருந்திருக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன் மருத்துவர் அவளுடைய வயிற்றின் படங்களை வெளிச்சத்தில் மாட்டி, கணையத்தில் இருந்த ஒன்றைப் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். "எத்தனை நாள்?" என்றாள். ஆறு மாதம், நன்றாக இருந்தால் எட்டு என்றார். அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு காகிதம் எடுத்து, ஜட்ஜை வைத்துக்கொள்ளக் கூடியவர்களின் பெயர்களை எழுத உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் யோசித்தும் மூன்று பெயருக்கு மேல் வரவில்லை. மூன்று பேரும் அந்தச் சாலையோரம்தான் இருந்தார்கள்.

போய் நேராகக் கேட்டுவிடுவது அவளுடைய வழக்கம் இல்லை. வாங்கு என்று அவள் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. ஓட்டிக் காட்டுவாள், அவர்களே கேட்பார்கள். ஜட்ஜுக்கும் அதே வழியைத்தான் போட்டாள். அவனுக்கு இரண்டு புதுச் சட்டை வாங்கினாள். கப் கழுவுவான், துணி மடிப்பான், சொன்ன இடத்தில் சொன்ன சாமானை வைப்பான். துணி மடிப்பதில் அவனை மிஞ்ச ஆளே கிடையாது. இதையெல்லாம் வீட்டில் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தாள். யாராவது "எப்படி இருக்கே?" என்றால் "நல்லா இருக்கேன், நீங்க?" என்று கேட்கப் பழக்கினாள். அந்த 'நீங்க' வருவதற்கு மட்டும் ஒன்பது நாள் ஆனது.

மறைக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஆறு மணி.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் அம்மா கதவைச் சாத்திவிட்டு மருந்துக் கடைக்குப் போனாள். ரோட்டில் மயங்கி விழுந்தவள் திரும்பி வரவே இல்லை. மெஷினக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டாள். வீட்டில் ஜட்ஜ் மட்டும் மறுநாள் விடியும்வரை சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து வெளிச்சம் மங்கத் தொடங்கினால் அவன் வேறு ஆள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு கதவையும் திறந்து வைப்பான். பீரோ கதவு, பாத்ரூம் கதவு எதையும் விட மாட்டான். ஒன்று சாத்தியிருந்தாலும் தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்துவான். கட்டிப் பிடித்தால் அடிப்பான். சில நாள் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விடும். ஒரு மணி நேரம் அவனைச் சுவரோரம் உட்கார்த்தி, "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு மணிக்கு எல்லாம் அடங்கிவிடும். அக்கம்பக்கத்தாரைத் தவிர இது யாருக்கும் தெரியாது. உறவுக்காரர்கள் காதில் விழாமல் காதும் காதும் வைத்த மாதிரிப் பதினோரு வருடம் காப்பாற்றிவிட்டாள். தம்பியைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டக் கூடாது என்கிற வீம்பு அவளுக்கு.

ஆகவே திட்டம் இதுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் காலையில் போக வேண்டும். நான்கு, நாலரைக்குக் கிளம்பி ஆறு மணிக்குள் ஏதாவது லாட்ஜில் அறை எடுத்துவிட வேண்டும்.

முதல் வீடு, கடையில் இருபது வருடம் கூட வேலை பார்த்த கேஷியர் தோழி வீடு. ஓய்வு பெற்றதும் கணவரோடு கடற்கரை ஊர் ஒன்றில் மாடி வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கிறது என்று போனில் இரண்டு முறை சொல்லியிருந்தாள். அந்த அறைதான் மெஷினக்காவின் கண்ணில் நின்றது.

போன கால் மணி நேரத்தில் ஜட்ஜ் சொக்குப்பொடி போட்டுவிட்டான். "நல்லா இருக்கேன், நீங்க?" என்றான். டீ குடித்த கப்பையெல்லாம் தானே எடுத்துப் போய்க் கழுவிக் கவிழ்த்தான். கொடியில் கிடந்த துணியை எடுத்து, முனையோடு முனை சேர்த்து, கடையில் அடுக்கியிருப்பது போல மடித்து வைத்தான். தோழிக்கு வாயெல்லாம் பல்.

"அடியே, என் வீட்டுக்காரருக்கு நாப்பது வருஷமா நான் சொல்லிக்குடுக்கிறேன், ஒரு கர்ச்சீப் மடிக்க வரல. இவன் என்னடான்னா..." என்றாள். பக்கத்தில் கணவர் செய்தித்தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் மெஷினக்கா மெல்ல ஆரம்பித்தாள். "எனக்கும் வயசாகுது. எனக்கப்புறம் இவன் என்ன பண்ணுவான்னு யோசனையாவே இருக்கு."

தோழி யோசிக்கவே இல்லை. "இவனுக்கு என்னடி? தங்கமா இருக்கான். நீதான் அவனைக் கைக்குள்ள வெச்சுக் கெடுக்கற. ஒரு ரூம் பாத்துக் குடு, தனியா ராஜா மாதிரி இருப்பான். நீ வேணா பாரு, உன்னைவிட நல்லா வீட்டை வெச்சுப்பான்."

"அப்படியா சொல்ற?" என்றாள் மெஷினக்கா. வேறு என்ன சொல்ல? மாடி அறையைப் பற்றிப் பேச்சு வந்தது. அதில் கணவர் உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாராம். உடம்பு முடியாததைத் தோழியிடம் சொல்ல வாயெடுத்தாள். மணி நாலே கால் ஆகியிருந்தது. சொன்னால் தோழி அழுவாள், அழுதால் கிளம்ப விட மாட்டாள், ஆறு மணி ஆகிவிடும். சொல்லாமல் கிளம்பினாள்.

லாட்ஜ்காரன் அறைச் சாவியைக் கொடுத்தபோது ஐந்தே முக்கால். அறைக்கு இரண்டு கதவு, ஒரு அலமாரி. அதையெல்லாம் அவளே திறந்து வைத்தாள். ஆனாலும் அவன் கத்தினான். பக்கத்து அறைக்காரர் கதவைத் தட்டி, "ஏங்க, உயிரு போகுதா?" என்றார். "இல்லைங்க, பல்லு வலி" என்றாள்.

மறுநாள் சித்தி மகள் வீடு. தங்கை முறை. சின்னதாக ஒரு சலவைக் கடை நடத்துகிறாள். முன்னால் கடை, பின்னால் வீடு. மகன், மருமகள், பேத்தி என்று வீடு நிறைய ஆட்கள். கை ஒன்று கூடினால் வேண்டாம் என்று சொல்லாத வீடு. நம்பிக்கையோடுதான் போனாள். அதிலும் சலவைக் கடை! ஜட்ஜுக்கென்றே யாரோ திறந்து வைத்தது போல இருந்தது.

அவன் அன்று அசந்துபோகும்படி வேலை செய்தான். ஆவி பறக்கும் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் நின்று மதியத்துக்குள் எழுபது சட்டை மடித்துவிட்டான். கடைக்கு வந்தவர்கள் புது ஆளா என்று கேட்டார்கள். பேத்தி அவன் பின்னாலேயே சுற்றினாள். தங்கை மெஷினக்காவை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். ஏதோ நல்ல சேதி வரப்போகிறது என்பது அந்தக் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. 

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு."

"என் கடையில ஒரு பொண்ணு வேலை பாக்குது. நாப்பது வயசு. புருஷன் இல்ல, குழந்தை இல்ல. ரொம்ப நல்ல குணம். நம்ம ஜட்ஜுக்குப் பேசி முடிச்சிடலாமா?"

மெஷினக்காவுக்கு முதலில் காதில் விழுந்ததே புரியவில்லை. 

"அவனுக்கா? கல்யாணமா?"

"ஏன், அவருக்கு என்ன குறை? கொஞ்சம் பேச மாட்டார். பேசற ஆம்பளைங்க என்ன கிழிச்சிட்டாங்க? நீயே சொல்லு."

"இல்ல... இங்க, உன் வீட்டுலயே, ஒரு ஓரமா அவன் இருந்தா..."

தங்கையின் முகம் கொஞ்சம் சுருங்கியது. "அது எப்படிக்கா சரியா வரும்? மருமக இருக்கா. ஒரு தெடமான ஆம்பளை சும்மா வீட்டுல உக்காந்திருந்தா அவ என்ன நினைப்பா? முடியாதவருன்னா வேற பேச்சு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நல்லா இருக்கறவரை நான் என்னன்னு சொல்லி வெச்சுக்கிறது?"

அன்று லாட்ஜில் ஜட்ஜ் அடங்கித் தூங்கிய பிறகு அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சிரித்தாள். தம்பியின் மாப்பிள்ளைக் கோலம் கண்ணில் வந்து வந்து போனது. தலையணையை வாயில் வைத்துக்கொண்டு வயிறு வலிக்கும்வரை சிரித்தாள். அப்புறம் வயிறு நிஜமாகவே வலித்தது. எழுந்து மாத்திரை போட்டுக்கொண்டபோதுதான் அந்த உண்மை முகத்தில் அறைந்தது. அவள் விற்க வந்த பொருள் வேறு, காட்டிய பொருள் வேறு. அவனை வைத்துக்கொள்ளச் சொல்லி வந்தவள், அவனுக்கு ஒருவருமே தேவையில்லை என்று இரண்டு வீட்டில் நிரூபித்துவிட்டு வந்திருக்கிறாள். இதைவிட நன்றாக யாராலும் காரியத்தைக் கெடுத்திருக்க முடியாது.

மூன்றாம் நாள் முழுக்க வலி அவளைப் படுக்கையை விட்டு எழ விடவில்லை. ஜட்ஜ் ஜன்னலோரம் உட்கார்ந்து, சாலையில் போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மனசு ஒன்றையே பிடித்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருப்பது அண்ணன். சொந்த ரத்தம். பெரிய வீடு, பிள்ளைகள் வேலைக்குப் போன இடத்திலேயே தங்கிவிட்டார்கள், மூன்று அறை பூட்டியே கிடக்கிறது. அண்ணன் பத்தொன்பது வயதில் துறைமுக வேலைக்குப் போனவர். வருடத்துக்கு ஒரு முறை மதியச் சாப்பாட்டுக்கு வந்து, ஜட்ஜின் தோளில் தட்டிவிட்டுப் போவார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியட்டும் என்று முடிவு செய்தாள். இந்த முறை புதுச் சட்டை கிடையாது, கப் கழுவுவது கிடையாது. மதியத்துக்கு மேல்தான் போவது. ஆறு மணி ஆகும்வரை அங்கேயே இருப்பது. பின்பக்க மூடியை அவளே கழற்றிக் காட்டிவிடப் போகிறாள்.

மறுநாள் அண்ணன் வீட்டு வாசலில் கார் நின்றபோது மணி நாலு. அண்ணி வாங்க வாங்க என்று உள்ளே கூட்டிப்போனாள். கடலைப் பார்த்த ஹால். துணி உறை போட்ட சோபா. ஹாலிலிருந்து நான்கு அறைக் கதவுகள், நான்கும் சாத்தியிருந்தன. ஜட்ஜ் வழக்கம்போல், "நல்லா இருக்கேன், நீங்க?" என்றான், யாரும் கேட்பதற்கு முன்பே. அண்ணன் சிரித்து அவன் தோளில் தட்டினார்.

டீ வந்தது. ஜட்ஜ் குடித்துவிட்டுக் கப்பை எடுத்துக்கொண்டு எழுந்தான். "வை. உக்காரு" என்றாள் அக்கா. அவன் குழம்பிப்போய் உட்கார்ந்தான்.

அவள் சொல்லத் தொடங்கினாள். முதலில் தன் வயிற்றைப் பற்றி. சுற்றி வளைக்காமல், மருத்துவர் சொன்ன மாதங்களோடு. அண்ணனுக்கு முகம் வெளிறிவிட்டது. அவர் நல்ல மனிதர்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தேம்பினார். "ஏம்மா இத்தனை நாள் சொல்லல? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றார். அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னை விடுங்கண்ணா. இவனைப் பத்திப் பேசத்தான் வந்தேன்" என்றாள். பிறகு, ஜட்ஜ் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, ஒன்று விடாமல் சொன்னாள். சாயங்காலம் ஆனால் கதவைத் திறந்து போட்டுக் கத்துவான். பிடித்தால் அடிப்பான், இதோ பாருங்கள் என்று முழங்கையில் இருந்த பழைய தழும்பைக் காட்டினாள். நின்ற இடத்தில் துணியை நனைத்துவிடுவான். தானாகக் குளிக்கத் தெரியாது, அடுப்பைத் தொட்டால் ஆபத்து. கப் கழுவுவதும் துணி மடிப்பதும் அவள் ஆட்டி வைத்த ஆட்டம். "அவனால தனியா ஒரு நாள்கூட இருக்க முடியாதுண்ணா. ஒண்ணுமே தெரியாது அவனுக்கு."

இத்தனை வருடத்தில் அவனைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொன்னவள் இல்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே நாக்கு கூசியது. ஜட்ஜ் இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. அவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரிம்மா. பாப்போம். உண்மையிலேயே அவ்வளவு முடியாம இருந்தா நான் எங்க அனுப்பப் போறேன்? என் தம்பிதானே. ஆனா பாத்தா அப்படித் தெரியலையே."

"ஆறு மணி ஆகட்டும். நீங்களே பாப்பீங்க."

கடலின் மேல் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அண்ணி எழுந்து விளக்கைப் போட்டாள். ஆறு மணி ஆனது. நான்கு பேரும் உட்கார்ந்திருந்தார்கள், மூன்று பேர் ஒருவனைப் பார்த்துக்கொண்டு.

ஜட்ஜ் எழுந்திருக்கவில்லை.

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தான். கண் ஒவ்வொரு கதவாகப் போய்ப் போய் வந்தது. நெற்றியில் வியர்வை பூத்துக் காதோரம் வழிந்தது. கீழ் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. ஆறே கால் ஆனது. ஆறு இருபது ஆனது. இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட நடக்காதது அன்று நடந்துகொண்டிருந்தது.

அண்ணி மெதுவாகச் சொன்னாள்: "நல்லாத்தானே இருக்காரு?"

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது, ஆனால் அது வேறு இரக்கம். "நீ ரொம்பப் பயந்து போயிருக்க. நோய் வந்தா மனசு அப்படித்தான் இல்லாததையெல்லாம் நினைக்கும். இவனைப் பாரு, எவ்வளவு அமைதியா உக்காந்திருக்கான். இவனைப் போய் இப்படியெல்லாம் சொல்லலாமா, அதுவும் அவன் எதிர்லயே?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "துறைமுக கேன்டீன்ல சொல்லி ஒரு வேலை வாங்கித் தரேன். பக்கத்துலயே தங்கிக்கலாம். தனியா இருந்து பழகட்டும். அதுதான் அவனுக்கு நல்லது."

மெஷினக்கா தம்பியின் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது, சோபாவோடு சேர்ந்து நடுங்கியது. அவனை அவளுக்குத் தெரியும். இன்னும் பத்து நிமிடம். அதிகம் போனால் கால் மணி. அதற்கு மேல் அவனால் தாங்க முடியாது. உடைந்து கத்துவான், அந்த நான்கு கதவுகளையும் அடித்துத் திறப்பான், அண்ணியின் சோபாவை நனைப்பான். அண்ணன் கண்ணால் பார்ப்பார். பார்த்தால் வைத்துக்கொள்வார், அதைச் சொல்லிவிட்டார், சொன்ன சொல் மாறாத மனிதர். கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், தம்பிக்கு ஆயுசுக்கும் ஒரு வீடு கிடைத்துவிடும்.

அவள் உட்கார்ந்துதான் பார்த்தாள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் உட்கார்ந்தாள். அவன் உதட்டில் ரத்தம் கசிந்தது. அவன் அவளைப் பார்த்து, பல்லைக் காட்டிச் சிரிக்க முயன்றான்.

"கிளம்பறோம்ணா" என்று எழுந்தாள்.

அண்ணன் பதறினார். "என்னம்மா, கோவமா? இருந்து சாப்பிட்டுப் போ. ராத்திரி தங்கிட்டுப் போயேன், ரூம் இருக்கு."

"இல்லண்ணா. ரூம் போட்டுட்டேன்" என்று சொல்லி, தம்பியைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். ஓடாத குறையாக வாசலுக்கு வந்து, காரில் ஏற்றினாள். தெருமுனை திரும்பும்வரை அவன் மூச்சு விடவில்லை. அவளும்தான்.

மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால் ஆளில்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். அதற்குள் அவன் கத்தத் தொடங்கியிருந்தான். காரின் நான்கு கதவுகளையும் திறந்தான், டிக்கியைத் திறந்தான், பானெட்டைத் திறக்க வழி தெரியாமல் கையால் அடித்தான். பின்சீட்டில் இருந்த கைப்பெட்டியின் மூடியைக்கூட விடவில்லை. உப்புக் காற்று வண்டிக்குள் புகுந்து வெளியேறியது. அவள் அவனைப் பின்சக்கரத்தோரம் மணலில் உட்கார்த்தி, "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்றாள். அவனுடைய கால்சட்டை நனைந்திருந்தது. அன்று ஒரு மணி நேரத்தில் அடங்கவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. அவளுக்கு வயிற்றில் கத்தியை வைத்துத் திருகுவது போல வலித்தது. அவள் மாத்திரைக்காகக்கூட எழுந்திருக்கவில்லை.

ஒருவழியாக அழுகை விக்கலாகி, விக்கல் நின்றது. அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு பேசினான். அவன் தானாகப் பேசுவது மாதத்தில் ஒரு முறை நடந்தால் அதிகம்.

"அக்கா. நான் அங்க பண்ணல. பாத்தியா?"

"பாத்தேன்டா."

"ஒரு கதவுகூடத் தொறக்கல."

"ஆமாம். தொறக்கல."

சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொள்ள அவனுக்கு நேரம் தேவைப்பட்டது.

"நீ அண்ணன்கிட்ட நான் கெட்டவன்னு சொன்ன. கெட்டவனா இருந்தா அங்கேயே விட்டுட்டுப் போயிடுவ. அதான் பண்ணல."

எவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறான்! ஒன்றுமே தெரியாது அவனுக்கு என்று அவள் சொன்னதை எதிரில் உட்கார்ந்து கேட்டு, ஒன்று விடாமல் புரிந்துகொண்டு, தன் உடம்போடு அத்தனை நேரம் மல்லுக்கட்டியிருக்கிறான். எதற்கு? அவளோடு காரில் திரும்பிப் போவதற்கு. மருத்துவர் சொன்ன மாதங்களைப் பற்றியும் அவள் அங்கேதான் சொன்னாள். அது மட்டும் அவன் காதில் ஏறவே இல்லை.

"இனிமே எங்கேயும் பண்ண மாட்டேன்" என்றான். "பண்ணலன்னா என்னை விட்டுட்டுப் போக மாட்டல்ல?"

பட்டியலில் இருந்த மூன்று பெயரும் முடிந்துவிட்டன. நாளைக்குச் சாலை திரும்பி வீட்டுக்குப் போகும். வீட்டில் அவளுக்கு நான்கு மாதம் மிச்சம் இருந்தது. அவன் அவளுடைய முந்தானையை விரல்களில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தான்.

"மாட்டேன்டா" என்றாள்.

அவன் அதை அப்படியே நம்பினான். எழுந்து போய், கார்க் கதவுகளை ஒவ்வொன்றாகத் தானே சாத்திவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.